வெள்ளக்கரட்டில் நிழல் போவதில்லை

நாலுவழிச் சாலைக்காக எங்க ஊர் ரோட்டோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிச் சாய்ச்சு, துண்டு போட்டு, லாரியில ஏத்தி, வேரையும் மெஷின் வச்சுத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போனாங்க, ஆனா நிழலை எடுத்துக்கிட்டுப் போக யாரும் வரல, அதனால அது அங்கேயே கிடந்துச்சு. மறுநாள் காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனவங்க பாத்தாங்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேன்ல ஏத்தப் போனவங்க பாத்தாங்க. மேல மரம் இல்ல, கிளை இல்ல, காக்கா உக்கார ஒரு குச்சி இல்ல, வெறும் வானம், கீழ மட்டும் கறுகறுன்னு குளுந்த நிழல், காத்தடிச்சா இலைக்கு இலை அசைஞ்சுக்கிட்டு. அடடேன்னு ஒருத்தர் சொன்னாரு. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லல, ஏன்னா வெள்ளக்கரட்டு வெயில்ல நிக்கவன் நிழலைக் கண்டா முதல்ல உள்ள போய் நிப்பானே தவிர, நீ எங்கேருந்து வந்தன்னு அதுகிட்ட விசாரணை வைக்க மாட்டான்.

ஊர் அதுக்குப் பழகின வேகத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. மரம் நின்னப்போ எப்படியோ அப்படியேதான் நிழலும் நடந்துக்கிச்சு: காலையில மேக்க சாஞ்சு மேலவரிசைக் கடைகள் மேல விழும், சாயங்காலம் கிழக்க சாஞ்சு கீழவரிசைக்குப் போகும், உச்சிப்பொழுதுல மட்டும் மரம் நின்ன இடத்துலயே சுருங்கிக் கிடக்கும், மரம் நின்ன இடம் இப்ப நடுரோடாயிருச்சா, அதனால அந்த நேரத்து நிழல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவிர யாருக்கும் ஆகாது. காலை நிழல்ல இட்லிக் கடைக்காரர் பெஞ்சைப் போட்டாரு, சாயங்கால நிழல்ல இளநி வண்டி நின்னுச்சு, கல்யாணப் பத்திரிகையில 'மேலவரிசை, மூணாம் நிழலுக்கு எதிரில்'னு மண்டபத்துக்கு வழி போட்டாங்க. நிழலை ஏலம் விடலாம்னு பஞ்சாயத்துல ஒரு பேச்சு வந்து, நிழல் நகந்தா ஏலம் எடுத்தவனும் கூடவே நகரணுமா வேண்டாமான்னு சண்டையாகி, ரெண்டு பேர் சட்டை கிழிஞ்சு, அந்தப் பேச்சை விட்டுட்டாங்க. எங்க ஊர் எதையும் தாங்கும். தாங்கித் தாங்கியே கெட்டுப்போன ஊரு இது.

நான் செண்பகம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால டிடிபி சென்டர் வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாத்தான் ஊருக்குப் போகும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போட்டும், எனக்கென்ன.

அந்தச் சமயத்துலதான் மேலேருந்து உத்தரவு வந்துச்சு: பருவநிலை மாற்றம், இயற்கைப் பாதுகாப்பு இதைப் பத்தியெல்லாம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வட்டாரத்துக்கு ஒரு புரோஷர் போடணும், அந்தந்த வட்டாரத்துச் சங்கதியே அதுல இருக்கணும், மூணு மடிப்பு, ஆறு பக்கம், கலர். அதுக்கு ஒரு கமிட்டி. தலைமைக்குப் பரிமளா மேடம், நல்ல மனுஷி, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான், மேலேருந்து போன் வந்தா மட்டும் எந்திரிச்சு நின்னு பேசுவாங்க. எழுதுறதுக்கு ஞானசிகாமணி சாரு, காலேஜ்ல தாவரவியல் நடத்தி ஓய்வு பெத்தவரு. பக்கம் வடிவமைக்க நான். யூனியன் ஆபீஸ் மாடியில, சத்தத்தை மட்டும் தர்ற ஒரு பேனுக்குக் கீழ, நாங்க உக்காந்து பேசினோம்.

பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். சாரு எழுதிக்கொண்டு வந்தது ஆறு பக்கத்துக்கு இல்ல, ஆறு புரோஷருக்கு வரும். ஐப்பசி மழை கார்த்திகைக்குத் தள்ளிப்போயி, கார்த்திகை மழை கடலுக்குள்ள பெஞ்சுட்டுப் போற கதை, பெரிய கண்மாய்க்கு வந்துக்கிட்டிருந்த கூழைக்கடாப் பறவை வராமப்போன கதை, போர் போட்டா தண்ணிக்குப் பதிலா தூசி வர்ற கதை, ராத்திரியிலகூடச் சூடு இறங்காம ஓட்டுவீட்டுக்குள்ள பிள்ளைங்க அழுற கதை. எல்லாம் நெசம். நெசம்னா இடம் பத்தாதே. மேடம் பாதியை வெட்டச் சொன்னாங்க, சாரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, நான் வெட்டினேன், மறுவாரம் அவரு வேற பாதியை எழுதிக்கொண்டு வந்தாரு.

ஜனங்ககிட்டயும் கருத்துக் கேக்கணும்னு விதி இருந்துச்சு. கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு டீயும் மிக்சர் பொட்டலமும் கொடுத்து, மரம் வளர்ப்போம்னு மேடம் ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்ச வாயை மூடல, இளநிக்காரர் எந்திரிச்சு, "எதுக்கு மேடம் மரம்? மரம் வச்சாத் தண்ணி ஊத்தணும், வேலி போடணும், ஆடு கடிக்காமப் பாக்கணும், எல்லாம் எதுக்கு, நிழலுக்குத்தான? அந்த நிழல்தான் சும்மாவே கெடக்கே"ன்னாரு. கூட்டம் கைதட்டுச்சு. சாரு எந்திரிச்சு, மரம்னா நிழல் மட்டுமில்லன்னு ஆரம்பிச்சு மண்ணு, வேரு, நீராவி, மழைன்னு சொல்லி முடிக்கும்போது முன்வரிசையில மிக்சர் தீந்துபோச்சு, பின்வரிசையில ஆளே தீந்துபோச்சு.

கடைசியில அட்டைக்கு ரோட்டு நிழல் போட்டோதான் வந்துச்சு. இந்த அதிசயம் வேற எந்த வட்டாரத்துக்கும் இல்லையேன்னு மேல உள்ளவங்களுக்கு ஒரே குஷி. போட்டோவுக்குக் கீழ பெரிய எழுத்துல 'வெள்ளக்கரட்டில் நிழல் போவதில்லை' அப்படின்னு போடச் சொன்னாங்க. சாரு அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி மட்டும் கேட்டாரு, வேற எதையும் வேண்டாம், எல்லாத்தையும் வெட்டிக்கோங்க, இந்த ஒரு வரி இருக்கட்டும்னு கைகூப்பாத குறையாக் கேட்டாரு: 'இந்த நிழல் ஏன் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை, இதை நம்பி, இருக்கிற மரத்தை யாரும் வெட்ட வேண்டாம்.' மேடம் அதை மேல அனுப்பினாங்க. மேலேருந்து போன் வந்துச்சு, மேடம் எந்திரிச்சு நின்னாங்க. தெரியவில்லைன்னு ஒரு அரசாங்கப் பிரசுரம் எப்படிம்மா சொல்லும், தெரியலைன்னா எதுக்குப் போடுறோம்னு கேட்டாங்களாம். அந்த வரி போச்சு. அந்த இடத்துல சிரிக்கிற சூரியன் படம் ஒண்ணை வைக்கச் சொன்னாங்க.

புரோஷர் ஊருக்குள்ள வந்துச்சு. ரேஷன் கடையில கொடுத்தாங்க, பள்ளிக்கூடத்துல கொடுத்தாங்க, பஸ்ல சீட்டுக்கு ஒண்ணு வச்சாங்க. வழவழன்னு தடிச்ச காகிதம், விசிறிக்க நல்லா இருக்குன்னு ஊரே மடிச்சு விசிறிக்கிட்டு இருந்துச்சு. அதை எடுத்து ஒரு எழுத்து விடாம வாசிச்ச ஆளு, எனக்குத் தெரிஞ்சு, ஒருத்திதான்.

அவ மாடத்தி. கரட்டடித் தெருவுல எனக்கு மூணு வீடு தள்ளி, மதினி முறை வேணும். அவ வீட்டுக்காரர் அய்யாத்துரை அண்ணன் தார் ரோடு போடுற வேலைக்குப் போனவரு. இதே நாலுவழிச் சாலைக்குத் தார் ஊத்திக்கிட்டிருந்தப்போ கத்திரி வெயில்ல விழுந்தாரு. ஆஸ்பத்திரியிலேருந்து எந்திரிச்சு வந்தப்போ கால் விளங்கல, அதைவிடக் கொடுமை, வேர்வை நின்னுபோச்சு. சூடு உள்ள போகும், வெளிய வர வழியில்லம்மா, இவரை வெயில் படாம வச்சுக்கோன்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு. வீடோ ஆஸ்பெட்டாஸ் வீடு, பகல்ல அடுப்புக்குள்ள இருக்குறதும் அதுக்குள்ள இருக்குறதும் ஒண்ணு. வாசல்ல நின்ன புங்கமரந்தான் அவரைப் பிழைக்க வச்சுச்சு. விடிஞ்சதும் கட்டிலை அதுக்கடியில போட்டு, நிழல் நகர நகரக் கட்டிலைத் திருப்பித் திருப்பிப் போட்டு, அப்படியே மாடத்தி அவரைக் காப்பாத்திக்கிட்டு வந்தா.

புங்கமரத்துல ஒரே ஒரு குறை. மாசி கடைசியில இலையை உதிர்த்துட்டு, பங்குனியில தளிர் விடுற வரைக்கும் மொட்டையா நிக்கும். அந்தக் கொஞ்ச நாள்தான் மாடத்திக்கு எமன். போன வருஷம் அந்த நாள்ல ஈரச்சாக்கைப் போத்தி, ஐஸ் வாங்கிக் கட்டி, குடையைப் புடிச்சுக்கிட்டே நின்னும், அண்ணனுக்கு வாய் கோணி, கண்ணு மேல சொருகி, சாவு வரைக்கும் போய்ட்டு வந்தாரு. இன்னொரு மாசியை அவரு தாண்ட மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவர் சொல்லலைன்னாலும் அவளுக்குத் தெரியும்.

தை மாசம் ஒரு நாள் புரோஷரோட என் கடைக்கு வந்தா.

"செம்பகம், இது நீ அடிச்சதுதான?"

"அடிச்சது நான், எழுதினது கமிட்டி. என்ன மதினி, எழுத்துப் பிழையா?"

"நிழல் போவதில்லைன்னு போட்டிருக்கே. அந்தப் புளி நிழல்ல இலை உதிருதா? வெயில் காலத்துல வெளுக்குதா?"

நான் யோசிச்சுப் பாத்தேன். "இல்ல. வெட்டின அன்னைக்கு எப்படி அடர்த்தியா இருந்துச்சோ, அப்படியேதான் கெடக்கு."

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்"ன்னா. அவ மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. "எங்க புங்கை இப்ப நிறஞ்ச இலையோட நிக்கி. இப்ப வெட்டிட்டா இந்த நிழல் இப்படியே நின்னுரும்ல? மாசியும் இல்ல, பங்குனியும் இல்ல. அவுகளுக்கு ஒரு நாளும் வெயில் படாது."

அவ சொன்னதுல ஓட்டை எங்க இருக்குன்னு தேடினா, சத்தியமாச் சொல்லுதேன், ஒண்ணும் அகப்படல. அட்டையில போட்டோ இருக்கு, ரோட்டுல நிழல் இருக்கு, மாசி வந்துக்கிட்டு இருக்கு. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க.

அய்யாத்துரை அண்ணன் கட்டில்ல படுத்தபடியே மேல ஒவ்வொரு கிளையாப் பாத்தாராம். அப்புறம், "உனக்குத் தோணினதச் செய்யிட்டி. ஆனா ரோட்டுல வெட்டினானுவளே, அந்த மாதிரி வெட்டக் கூடாது. நம்மள வச்சுக் காப்பாத்தின மரம். சொல்லிட்டு வெட்டணும், மொறையோட"ன்னாராம்.

மொறைன்னா எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. வாசல் மரத்தை வெட்டணும்னா, வெட்டப்போற அன்னைக்குக் காலையில மரத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, மஞ்சக்கயிறு கட்டி, பொங்கல் வச்சு, தேங்காய் உடைச்சு, வீட்டுப் பொம்பளை மரத்தைத் தொட்டு விடை சொல்லணும். மரத்துல குடியிருக்கது பறவையோ, எறும்போ, கண்ணுக்குத் தெரியாததோ, எல்லாம் மனக்குறை இல்லாமப் போயிரணும், அதுக்காக. மாடத்தி ஒண்ணு குறைக்கல. புதுச்சேலை கட்டி, தலைக்கு ஊத்தி, மரத்துல நெத்தியை வச்சுச் சொன்னா: "தாயே, ஒன்னால இவுக உசிரு கெடந்துச்சு. ஒன்னைய வெரட்டல நாங்க. நீயும் ஒன்ன அண்டுனதும் இனி இங்க இருக்க வேண்டாம், வேற நல்ல எடமாப் பாத்துப் போயிருங்க, போற எடத்துல செழிப்பா இருங்க, எங்க மேல கொற வச்சுக்கிடாதிங்க." சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துச்சு, எங்களுக்கும் வந்துச்சு.

ஞானசிகாமணி சாரு எப்படியோ கேள்விப்பட்டு, பஸ்ஸைப் புடிச்சு, மூச்சிரைக்க வந்து சேந்தாரு. "வேண்டாம்மா, வேண்டாம்மா"ன்னு கோடாலிக்காரன் முன்னால போய் நின்னாரு. மாடத்தி இடுப்புல சொருகியிருந்த புரோஷரை எடுத்து விரிச்சா.

"நீங்க போட்டதுதான சார்?"

"நான் இன்னொரு வரியும் எழுதியிருந்தேன்மா."

"எங்க?"

"எடுத்துட்டாங்க."

"எடுத்த வரியை நான் எப்படி சார் வாசிக்க?"

சாரு ஒதுங்கிப் போய் வேலியோரத்துல நின்னுக்கிட்டாரு.

மரம் வடக்க பாத்துச் சாஞ்சுச்சு. சாஞ்சதும் ஊர் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பாத்துச்சு. நிழல் இருந்துச்சு, கட்டில் மேல, அண்ணன் மேல, வாசல் பூரா, ஒரு இலை குறையாம. மாடத்தி ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா. யாரோ குலவை போட்டாங்க. அந்தக் குலவை முடியுறதுக்குள்ள நிழல் எந்திரிச்சுச்சு. அவசரப்படல, கோபப்படல, விடை வாங்கின விருந்தாளி கிளம்புறப்போ எப்படி ஒவ்வொரு சாமானா எடுத்துக்கிடுவாங்களோ அப்படி, வாசப்படியிலேருந்து ஒரு ஓரம், அண்ணன் காலுலேருந்து ஒரு ஓரம், நெஞ்சுலேருந்து, மூஞ்சியிலேருந்து, எல்லாத்தையும் தன்னோட இழுத்துக்கிட்டுத் தெருவுல இறங்கி மேக்க பாத்து நடந்துச்சு. நாங்க எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டோம். வழிவிடுறது எங்களுக்குப் பழக்கமாப் போச்சே.

மாடத்தி மட்டும் பின்னால ஓடினா. "நில்லு! ஒன்னையச் சொல்லல! ஏ தாயே, அவுகளுக்காகத்தான வெட்டினேன், நில்லு!"ன்னு தலைமுடி அவுந்து, சேலை அவுந்து, ரேஷன் கடை தாண்டி, சுடுகாட்டுப் பாதை தாண்டி ஓடினா. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா? நிழல் கரட்டு மேல ஏறுச்சு, ஒரு நிமிஷம் பாறை மேல கறுப்பாத் தெரிஞ்சுச்சு, அப்புறம் அந்தப் பக்கம் இறங்கிப் போயிருச்சு. அவளைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல உக்கார வச்சோம்.

ஏன்னு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கல. ரோட்டுல மரம் வெட்ட வந்தவங்க ஒரு வார்த்தை சொல்லாம வெட்டினாங்க, போன்னு யாரும் சொல்லல, நிழல் போகல. இவ மரியாதையா வழியனுப்பினா, அது போயிருச்சு. இவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்கிட்ட ஊர் என்ன செஞ்சிருக்கணும்? தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருக்கணும். எங்க ஊர் என்ன செஞ்சுச்சு தெரியுமா? மிச்சமிருந்த வேம்பு, வாகை, பூவரசு எல்லாத்தையும் ஒரு சத்தம் காட்டாம, வாயில துணியைக் கட்டிக்கிட்டு வெட்ட ஆரம்பிச்சுது. நிழலும் கிடைச்சுது, விறகும் கிடைச்சுது. கமிட்டியைத் திரும்பக் கூட்டி, ரெண்டாம் பதிப்புல 'மரங்களிடம் விடை சொல்வதைத் தவிர்ப்போம்'னு ஒரு வாசகம் சேக்கலாம்னு மேலேருந்து யோசனை வந்துச்சு. சாரு பேனாவை மூடிப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போனவருதான், அப்புறம் மாடி ஏறல. மேடம் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தே அழுதாங்க.

மாசி வந்துச்சு. ஊரே நிழலை எடுத்துத் தருமா, தராது. அவங்கவங்க நிழல் அவங்கவங்க வாசல்ல. ரெண்டு நாள் ஒரு வீட்டு வேம்பு நிழல்ல கட்டிலைப் போட விட்டாங்க, மூணாம் நாள் சீக்காளிய எத்தனை நாளைக்கும்மான்னு கேட்டாங்க. உச்சிவெயிலுக்கு ஒதுங்க இடமில்லாம, ஒரு நாள் நானும் மாடத்தியும் கட்டிலோட அவரைத் தூக்கிக்கிட்டுப் போயி நடுரோட்டுப் புளி நிழல்ல வச்சு, நான் சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு நின்னேன். லாரி அலற, பஸ் அலற, டிரைவருங்க வாய்க்கு வந்தபடி திட்ட, அண்ணன் அவ கையைப் புடிச்சு, "வேண்டாம்ட்டி, வீட்டுக்குப் போவோம்"ன்னாரு. பங்குனியையும் எப்படியோ ஈரச்சாக்குலயே கடத்திட்டா. சித்திரையில, நட்டநடு மத்தியானம், அவ குடை புடிச்சுக்கிட்டு நிக்க நிக்கவே அவரு போயிட்டாரு.

எங்க பக்கத்துல பாடைத் தேர் தூக்குறதுக்கு முன்னால கட்டினவ ஒரு வார்த்தை சொல்லணும், நல்லபடியாப் போய்ச் சேருங்கன்னு. பெரிய பொம்பளைங்க மாடத்தியைப் புடிச்சுக்கிட்டு வந்து கால்மாட்டுல நிறுத்தினாங்க. "சொல்லு தாயி, சொல்லி அனுப்பு, அவன் நிம்மதியாப் போவான்"ன்னாங்க. அவ முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டா. தலையை ஆட்டினா. சொல்ல வாயெடுத்த பொம்பளைங்க வாயை எல்லாம் கையால பொத்தினா, மேளக்காரன் காலைப் புடிச்சா, சங்கு ஊத வந்தவரைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினா. ஒருத்தர் ஒரு சொல் பேசாம, ஒரு ஒப்பாரி இல்லாம, அப்படி ஒரு சாவை எங்க ஊர் கண்டதில்ல. மனுஷனை எரிச்சுட்டுத் திரும்பி வந்தோம்.

விடிஞ்சப்போ வாசல்ல, வெயில் விழுந்த கட்டில் மேல, அண்ணனோட நிழல் கிடந்துச்சு. ஒருக்களிச்சு, ஒரு கையைக் கன்னத்துக்கடியில வச்சு, அவரு எப்பவும் படுக்கிற மாதிரி. ஆளுங்க வந்து பாத்தாங்க, ஆமா, அய்யாத்துரைதான்னாங்க, போனாங்க. பேப்பர் போடுற ஆள் சைக்கிளை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறாரு. மேகம் மறைச்சா அவரு மறைஞ்சுருவாரு, அதனால மானத்துல ஒரு வெள்ளத்துண்டு தெரிஞ்சாலே மாடத்தி ஓடி வந்து கட்டிலோரத்துல நின்னுக்கிடுதா. மழைக்காக ஊரே அம்மன் கோயிலுக்குக் கொடை கொடுத்துக்கிட்டிருக்கு. அவ மட்டும் பெய்யக் கூடாதுன்னு விழுந்து கும்பிடுதா.

நேத்து மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டு போனேன். அனல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குள்ளேருந்து ஓட்டமா வந்தா, கையில குடை. கட்டில் பக்கத்துல நின்னு விரிச்சு, அவரு தலைக்கு மேல புடிச்சா. குடை நிழல் விழுந்ததும் தலை காணல. பதறிப் போய்க் குடையைத் தள்ளினா. தலை இருந்துச்சு, கன்னத்துக்கடியில கை இருந்துச்சு. திரும்பவும் மெதுவாக் கொண்டு வந்தா, திரும்பவும் காணல. அவ கொஞ்ச நேரம் அந்த வெயிலைப் பாத்தா, கட்டிலைப் பாத்தா. அப்புறம் குடையை மடக்கிச் சுவத்துல சாச்சு வச்சுட்டு, கட்டிலோரத்துல தரையில உக்காந்து, "பொறுத்துக்கிடுங்க"ன்னா.